கண்ணாடியைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு லென்ஸுக்கு வழி சொல்லவும் தெரிய வேண்டும்



இது நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள். வீட்டில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று இருந்தாலும் கடைசி வரை படியுங்கள்.

போன ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள், ஒருவர் நெருங்கிய உறவு. "பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு முன்னாடி லேசர் பண்ணிக் கண்ணாடியை எடுத்துடலாமா?" என்பதுதான் கேள்வி. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே நேரத்தில் ஒரு விளம்பரம் சுற்றியது. பத்தே நிமிடமாம், வலியே இல்லையாம், வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக்கு விடுதலையாம், முகூர்த்த மாதச் சலுகை வேறாம். அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

லேசர் சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்துகொண்டு நன்றாக இருப்பவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஒருவேளை கெட்டுப்போனால் அதற்குப் பிறகு கண்ணில் எந்த லென்ஸ் போடுவது, அதை யார் பொருத்துவது, அதற்கு யார் பணம் கொடுப்பது? இந்த மூன்றையும் அறுவைக்கு முன்பே சொல்லாத எவருக்கும் ஒரு பிள்ளையின் கண்ணில் கை வைக்க உரிமை இல்லை. விளம்பரத்துக்குப் பெரிய எழுத்து, ஆபத்துக்குப் பொடி எழுத்து என்பது என்ன நியாயம்?

என் தங்கை மகளின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவள் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் பெரியம்மா, மத்தபடி எல்லாத்தையும் எழுதுங்க. இன்னொருத்திக்காவது உதவட்டும்" என்றாள். மருத்துவமனையின் பெயரையும் எழுதவில்லை. தனிப்பட்ட சண்டைக்காக எழுதும் பதிவு இல்லை இது.

அவளுக்கு மைனஸ் ஏழு பவர். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு அம்மாள், "கண்ணாடி இல்லாம ஒரு தடவை காட்டுங்களேன்" என்றார். அடுத்த மாதமே லேசர். மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, வீடே கொண்டாடியது. பிறகு கண் உலர்ந்து மணல் விழுந்ததுபோல உறுத்த ஆரம்பித்தது. இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் சிலந்திவலை மாதிரிக் கதிர் விரிகிறது என்றாள். ஒரு வருடம் தாண்டியதும் ஒரு நிலா மூன்று நிலாவாகத் தெரிந்தது. போய்க் காட்டினால், எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டு, "சிக்ஸ் பை சிக்ஸ் இருக்கு, எல்லாம் நார்மல், கொஞ்ச நாள்ல பழகிடும்" என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். நான்கு முறை போனாள், நான்கு முறையும் இதே பதில்.

இந்த சிக்ஸ் பை சிக்ஸைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அந்த அட்டையை 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் உருவாக்கினார். வெளிச்சமான அறையில், ஆறு மீட்டர் தள்ளி, வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து. நல்ல சோதனைதான். ஆனால் இரவில் எதிரே வண்டி வரும்போது என்ன தெரிகிறது, எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிகிறதா, மாலை ஐந்து மணிக்குக் கண் எரிகிறதா என்றெல்லாம் அது கேட்பதில்லை. இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். அப்போது லேசர் சரிசெய்த வட்டத்தின் ஓரத்து ஒளியும் உள்ளே வரும், படம் சிதறும். பகல் நேரத்து அட்டையில் அது எப்படிப் பிடிபடும்? ஒரு பிள்ளையிடம் ஒரே ஒரு வாய்ப்பாடு கேட்டுவிட்டு கணக்கில் நூற்றுக்கு நூறு போட்டால் என்னை நீங்கள் ஆசிரியர் என்று மதிப்பீர்களா?

நான்கு முறையும் நார்மல் என்று கேட்ட பிறகு வீட்டிலேயே, "எல்லாம் மனசுதான், நீயா நினைச்சுக்கிறே" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கண் வலியைவிட அதுதான் அவளை உடைத்தது. கருவிழி நம் உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று. லாசிக் செய்யும்போது அந்த நரம்புகள் அறுபடுகின்றன. பலருக்கு அவை மெல்ல வளர்ந்து சரியாகிவிடும். சிலருக்குச் சரியாகாமல் உலர்வும் வலியும் தங்கிவிடும். வெளியே புண் தெரியாது, அட்டையில் குறை தெரியாது, வலி மட்டும் உண்மையாக இருக்கும். அப்படிச் சொல்லும் பிள்ளையை நம்புங்கள்.

ஐந்தாவது முறையாக வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போனோம். கருவிழியை மேடு பள்ளமாக வரைந்து காட்டும் டாப்போகிராபி ஸ்கேன் எடுத்தார்கள். கருவிழி மெலிந்து முன்பக்கம் புடைக்க ஆரம்பித்திருந்தது. எக்டேசியா என்று பெயர்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கரும்பலகையில் போடும் அளவுக்கு எளிது. சராசரியாகக் கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய 540 மைக்ரான் தடிப்பு, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. லாசிக்கில் மேலே ஒரு மூடி போல அறுத்துத் திறப்பார்கள், அது சுமார் 110 மைக்ரான். அந்த மூடியைத் திரும்ப மூடினாலும் பழைய பலம் வராது. பிறகு ஒவ்வொரு பவருக்கும் தோராயமாக 12 முதல் 15 மைக்ரான் வரை சதையை லேசர் கரைக்கும். கருவிழி 480 மட்டுமே உள்ள ஒரு பிள்ளைக்கு மைனஸ் எட்டு எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 480இல் 110 போனால் 370. எட்டுப் பவருக்கு 112 போனால் மீதி 258. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, 300 இருப்பது நல்லது என்பார் பலர். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அந்த மீதிச் சுவர்தான் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும். அதோடு, தடிப்பு போதுமானதாக இருந்தாலும் வடிவத்தில் ஆரம்பநிலைக் கோளாறு இருந்தால் புடைக்கலாம். என் தங்கை மகளின் அறுவைக்கு முந்தைய ஸ்கேனைக் கேட்டோம். கோப்பைத் தேடுகிறோம் என்றார்கள். இன்னும் தேடுகிறார்கள்.

புடைப்பு மேலும் போகாமல் நிறுத்த, ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் வைத்துக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. கிராஸ்லிங்கிங் என்பார்கள். அதைச் செய்தோம். அது கெடாமல் நிறுத்தும், ஆனால் போன பார்வையை முழுசாகத் திருப்பித் தராது. மேடு பள்ளமான கருவிழிக்குச் சாதாரணக் கண்ணாடியும் முழுப் பார்வை தராது. ஆக, லென்ஸ் வேண்டும். எதை விட்டு ஓட லேசரை நாடினாளோ, அதைவிடச் சிக்கலான ஒன்றில் வந்து நின்றாள்.

இங்கிருந்து அவள் பட்ட பாடு தனிக்கதை. எந்த விளம்பரத்திலும் இது வராது.

முதலில் ஒரு கண்ணாடிக் கடையில் மென்மையான லென்ஸ் கொடுத்தார்கள். அது ஈரத்துணி போலக் கருவிழியோடு ஒட்டும். கருவிழி எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே அதுவும் வளையும். எனவே மூன்று நிலா மூன்றாகவே இருந்தது. ஏற்கெனவே உலர்ந்த கண்ணில் அது இன்னும் உலர்ந்தது.

அடுத்து, சிறிய கெட்டி லென்ஸ். ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலம். இதில் பார்வை தெளிந்தது. ஆனால் இயற்கையான கருவிழி நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் வளைந்திருக்கும். மைனஸ் பவருக்கு லேசர் செய்த கண்ணில் நடுவைச் செதுக்கி அதைத் தட்டையாக்கியிருப்பார்கள். அதற்குமேல் ஒரு பக்கம் புடைப்பும் இருந்தால் சாதாரண வடிவத்தில் செய்த லென்ஸ் எப்படி உட்காரும்? ஆடும், நகரும். பேருந்தில் ஜன்னலோரம் தூசி அடித்தால் கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கும் என்பாள். இரண்டு முறை கழன்றே விழுந்துவிட்டது. மென்மையான லென்ஸ் மேல் கெட்டி லென்ஸ் வைத்தும் பார்த்தார்கள். அரை நாள் தாங்கியது.

கடைசியில் வந்ததுதான் ஸ்கிலீரல் லென்ஸ். மிகப் பெரியது, 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். கருவிழியைத் தொடாமல் ஒரு கூரை போல அதைத் தாண்டி, விழியின் வெள்ளைப் பகுதியில் போய் உட்காரும். உள்ளே பதப்படுத்தும் மருந்து கலக்காத சலைன் நீரை நிரப்பிப் போட வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் மழைத்தண்ணீர் தேங்கினால் மேல்மட்டம் சமமாகத் தெரியுமே, அதேபோல அந்த நீர் மேடு பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. பார்வையும் தெளிகிறது, கருவிழி நாள் முழுக்க நீரில் நனைந்தே இருப்பதால் உலர்வும் அடங்குகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1880களின் கடைசியில் அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் உலகுக்கு அறிவித்த முதல் கான்டாக்ட் லென்ஸே கண்ணாடியால் ஆன இந்த வகைதான். கண்ணாடி வழியாகக் கருவிழிக்குக் காற்று போகாததால் அது நிலைக்கவில்லை. ஆக்சிஜன் ஊடுருவும் பொருள் வந்தபிறகு 1980களில் திரும்ப உயிர் பெற்றது. நம் பக்கத்திலேயே இதற்கான வசதி இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆப்டோமெட்ரி படிப்புக்குச் சென்னையில் 1985லேயே கல்லூரி தொடங்கியாயிற்று. பொருத்தத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அறுத்தவர்கள் அவர்களிடம் அனுப்பவில்லை என்பதுதான் என் கோபம். இப்படி ஒரு லென்ஸ் இருக்கிறது என்பதே அவளுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மூன்று வருடத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

ஸ்கிலீரல் லென்ஸும் போட்டவுடன் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். முதல் ஜோடி காலையில் சுகமாக இருந்தது, மாலையில் இறுக்கிப் பிடித்து விழியின் வெள்ளையில் வளையமாகச் சிவந்தது. போட்டுச் சில மணி நேரத்தில் லென்ஸ் கொஞ்சம் உள்ளே அமுங்கும். அதனால் மாட்டிய ஐந்து நிமிடத்தில் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்வது போதாது, பல மணி நேரம் போட்டபின் பார்க்க வேண்டும். இரண்டாவது ஜோடியில் மதியத்துக்குள் உள்ளே இருக்கும் நீர் கலங்கிப் புகைமூட்டம் போலானது. நடுவில் ஒருமுறை கழற்றி, கழுவி, நீர் மாற்றிப் போட வேண்டியிருந்தது. மூன்றாவது ஜோடியில் ஓரத்தின் வளைவை மாற்றினார்கள். அதுதான் அமைந்தது. இப்போது காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஆறுக்குக் கழற்றுகிறாள். பொறுமையாக ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்த அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் வயதில் சின்னவர். நாற்பது பிள்ளைக்கும் ஒரே அளவில் சீருடை தைத்தால் யாருக்குமே சரியாக இருக்காது என்று அறிந்த தையல்காரரைப் போல வேலை செய்தார். அவரை மனதாரக் கும்பிடுகிறேன்.

இப்போது செலவுக்கு வருகிறேன். லேசருக்குக் கட்டியதைவிட லென்ஸுக்குக் கட்டியது அதிகம். பயணம், விடுப்பு, தங்குமிடம் எல்லாம் தனி. அந்த லென்ஸும் ஆயுளுக்கு வராது, சில வருடத்தில் மாற்ற வேண்டும். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் 7.5 பவருக்குக் கீழான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு பொதுவாகவே விலக்கு. அவளுடைய காப்பீட்டில் இந்த லென்ஸுக்கும் ஒரு ரூபாய் தரவில்லை. லாபம் ஒருவருக்கு, ஆயுள் முழுக்கச் செலவு இன்னொருவருக்கு.

"ஆயிரத்தில் ஒருத்திக்கு நடந்ததை வைத்துப் பயமுறுத்தாதீங்க" என்று சிலர் எழுதுவீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு இதற்கென ஆய்வு நடத்தி 2017இல் முடிவு வெளியானது. லாசிக் செய்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் பார்வையில் திருப்தி என்றார்கள். அன்றாட வேலையே பெரும் சிரமம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. இதை மறைக்க எனக்கு அவசியமில்லை. அதே ஆய்வில், முன்பு ஒளிவட்டம், இரட்டை உருவம் போன்ற தொந்தரவு எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஒன்றாவது இருப்பதாகச் சொன்னார்கள். கண் உலர்வே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை புதிதாக உலர்வு என்றார்கள். இன்னொன்றும் கண்டார்கள். மருத்துவரிடம் நேரில் சொல்வதைவிடக் கேள்வித்தாளில் எழுதிக் கேட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் தொந்தரவுகள் வெளியே வந்தன. மருத்துவர் முன்னால் நம் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வருவது தெரியாதா? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்வதைக் காலமெல்லாம் கேட்டவள் நான்.

2022இல் அதே எஃப்.டி.ஏ., நோயாளிக்கு ஆபத்துகளை எளிய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரைவே வெளியிட்டது. நம் ஊரில் என்ன நடக்கிறது? அறுவைக்கு அரை மணி நேரம் முன்பு, கண்ணில் சொட்டு மருந்து விட்டபிறகு, ஆங்கிலத்தில் நாலு பக்கத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்கிறார்கள். கண் கூசும்போது ஆங்கிலத்தில் படித்துக் கையெழுத்து. இதற்குப் பெயர் சம்மதமா?

"இப்போ புது டெக்னாலஜி, கத்தியே இல்லை" என்பார்கள். கத்தி இல்லாவிட்டாலும் லேசர் அறுக்கத்தான் செய்கிறது. மூடி திறக்காமல் சிறு துளை வழியாகச் சதையை எடுக்கும் ஸ்மைல் முறையிலும் கருவிழி மெலியத்தான் செய்யும், அதிலும் புடைப்பு வந்த நோயாளிகள் உண்டு. "வாழ்நாள் முழுக்க" என்ற சொல்லோ சுத்தப் பொய். நாற்பது தாண்டினால் கிட்டத்துப் பார்வை எல்லோருக்கும் மங்கும். லேசர் செய்தவரும் செய்தித்தாளுக்குக் கண்ணாடி தேடத்தான் வேண்டும்.

என் கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறேன்.

மருத்துவமனைகளுக்கு: சம்மதப் படிவத்தைத் தமிழில், குறைந்தது ஒரு வாரம் முன்பு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். சிக்கல் வந்தால் எந்த லென்ஸ், எந்த இடம், என்ன செலவு என்று அதில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் முதல் முறையே அனுப்புங்கள். லென்ஸ் பொருத்தும் செலவில் பங்கேற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அறுவையின் கடைசிக் கட்டம் அதுதான்.

செய்துகொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு: பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். கண் உலர்வு, முடக்குவாதம் போன்ற நோய், கர்ப்பம், குடும்பத்தில் யாருக்காவது கருவிழி கூம்பாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லென்ஸ் போடுபவர்கள் மருத்துவர் சொல்லும் நாள்வரை அதை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்கள், இல்லாவிட்டால் அளவு தவறும். எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்று எண்ணாகக் கேளுங்கள். "போதும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அறுவைக்கு முந்தைய அளவுகளின் நகலைப் பத்திரப் பதிவு மாதிரிப் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் கண்புரை அறுவைக்கு உள்லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும்.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களுக்கு: உங்களுக்கு மனக்கோளாறு இல்லை. டாப்போகிராபி எடுங்கள். மென்மையான லென்ஸ் ஒத்துவரவில்லை என்றால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்கிலீரல் லென்ஸ் பொருத்தும் இடத்துக்குப் போங்கள், இரண்டு மூன்று முறை மாற்ற நேரிடும் என்று தெரிந்தே போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது, அதில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் கருவிழியையே அரித்துவிடும். லென்ஸோடு தூங்காதீர்கள். கண் சிவந்து வலித்தால் அன்றே கழற்றி மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, மாப்பிள்ளை வீட்டாராக இருக்கும் என் உறவுகளுக்கும், இனி ஆகப்போகும் என் மாணவர்களுக்கும். கண்ணாடி போட்ட பெண்ணைப் பார்த்து "கழற்றிக் காட்டும்மா" என்று சொல்லும் வாய்தான் அந்த விளம்பரத்துக்குப் பாதி வியாபாரம் பிடித்துத் தருகிறது. உங்கள் பையன் போட்டிருக்கும் கண்ணாடி படிப்பின் அடையாளம், பெண் போட்டிருந்தால் குறையா? என் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன், ஒருவரையும் குறைவாக உட்கார வைத்ததில்லை.

அந்த மூன்று பேருக்கும் என் பதில்: வரனுக்காக என்றால் வேண்டாம். பிள்ளை தானாக ஆசைப்பட்டால், மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு முடிவெடுக்கட்டும். பதில் எழுதித் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கண் மருத்துவம் படித்த என் மாணவர்கள் இருவர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். அதோடு, உங்கள் மருத்துவமனைப் படிவம் தமிழில் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்